சில்லு பூட்டிய காம்பரா

ஆடி மாதத்து விடியற்காலை. கினிகத்தேனையில் மழை. ஒரு வீட்டு வாசலில் வேன் நிற்கிறது. கூரையில் நீலப் படங்கு, படங்குக்கு மேல் கவிழ்த்த சோற்றுச் சட்டி, பின்கதவு முழுதாகச் சாத்தாமல் கயிற்றுக் கட்டு. வீடு காலி பண்ணுகிறார்களோ என்று நினைத்துவிடாதீர்கள். வேன் மாமா கதிர்காமத் திருவிழாவுக்குப் போகிறார்.

வேன் மாமா ஊருக்கு ஒருவர் உண்டு. வட்டவளையிலும் இருக்கிறார். ஹட்டனில் நாலைந்து பேராவது தேறுவார்கள். பழைய டொல்பின் வேன் ஒன்று, கண்ணாடியில் மூன்று விபூதிக் கோடு, கடைச் சாப்பாட்டின் மேல் தீராத சந்தேகம். இவை மூன்றும் ஒருவரிடம் சேர்ந்தால் அவர்தான். “கடையில நாலு பார்சல் வாங்குற காசுக்கு நம்ம இருபது பேருக்கு ஆக்கிரலாம்” என்பார். அந்தச் சிக்கனத்துக்காக 12.5 கிலோ கேஸ் சிலிண்டர், இரட்டை அடுப்பு, அம்மி (சம்பலுக்கு), பாய் எட்டு, வாளி மூன்று எல்லாம் ஏறும். மனிதர்கள் கடைசியில் ஏறுவார்கள். இடம் இருந்தால்.

எங்கள் வேன் மாமாவுக்கு இந்த ஞானம் பிறந்தது 2022 ஜூனில், டீசல் தட்டுப்பாட்டு வரிசையில். மூன்று நாள் வேனுக்குள்ளேயே படுத்தார், சவரம் செய்தார், முன் சீட்டில் உட்கார்ந்து பக்கத்து லொறிக்காரருடன் கடதாசி விளையாடினார். அத்தை தூக்குச்சட்டியில் சோறு அனுப்பினார். நாடே அழுதுகொண்டிருந்தபோது அவர் மட்டும் கொஞ்சம் சதை போட்டு வந்தார். நிற்கிற வேனிலேயே இத்தனை சுகம் என்றால் ஓடுகிற வேனில் எப்படியிருக்கும்! ஆனால் ஜூலையில் கியூஆர் முறை வந்து, வேனுக்கு வாரம் 20 லீற்றர்தான் என்றார்கள். அந்தப் பங்கீடு போகும்வரை ஆசையை மடித்துச் சீட்டுக்கடியில் வைத்தார்.

இடையில் யூடியூப்பில் வெள்ளைக்காரர்களின் வீட்டு வண்டிகளைப் பார்த்து வைத்தார். கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, கக்கூஸ்கூட உள்ளேயே உண்டு. அத்தை முகத்தைச் சுளித்தார். “சாமி கும்பிடப் போற வண்டியில கக்கூஸா? ஒங்களுக்கு புத்தி கெட்டுப்போச்சா?” அத்தோடு அந்தத் திட்டம் முடிந்தது. அதன் விளைவை வழி நெடுக அனுபவித்தவர்கள் நாங்கள்.

எனக்கு இந்த வெள்ளைக்கார மோகம் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆக்குவதும் தின்பதும் படுப்பதும் ஒரே அறையில் என்பதை டொலர் கொடுத்து வாங்குகிறார்கள். எங்கள் பாட்டி பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் ஏழு பிள்ளை பெற்று வளர்த்தார். அதற்குச் சில்லு ஒன்றுதான் குறை.

பதினாலு சீட்டில் பத்தொன்பது பேர் ஏறினோம். தேங்காய் உடைத்தாயிற்று, டயருக்கடியில் எலுமிச்சை நசுங்கியாயிற்று. அத்தை கதவைப் பூட்டிவிட்டுக் கடைசியாக ஏறி, பழப்பையை மடியில் வைத்துக்கொண்டார். சாமிக்கு வைத்த கதலிச் சீப்பு, கற்பூரம், இன்னும் என்னென்னவோ அதற்குள். யார் கேட்டும் அதைக் கீழே இறக்கவில்லை.

டெவன் நீர்வீழ்ச்சி 97 மீற்றர். எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை; அந்தப் பக்கத்து ஜன்னலில் பாய்ச்சுருள் நின்றது. நானுஓயா தாண்டும்போது சிலிண்டர் என் முழங்காலோடு உறவு கொண்டாடத் தொடங்கியது. பெற்றோல் ஷெட்டுக்குள் வண்டியை விட்டு, ஒரு சொட்டு டீசலும் அடிக்காமல் கக்கூஸ் சாவி மட்டும் கேட்பதற்குத் தனி முகம் வேண்டும். மாமாவுக்கு அது அமைந்திருக்கிறது. நுவரெலியாவுக்குள் இரண்டு ஷெட்டில் கேட்டார்.

வெலிமடைக்கு இந்தப் பக்கம், உருளைக்கிழங்குத் தோட்டங்களின் ஓரத்தில் அடுப்பு இறங்கியது. காற்று அடுப்பை அணைத்தது. நாலு பேர் குடை பிடித்தோம், மூன்று பேர் படங்கு பிடித்தார்கள், மாமா கரண்டி பிடித்தார். பருப்பும் கருவாட்டுப் பொரியலும் இறங்க இரண்டரை மணி நேரம். அவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஒரு கவளம் உள்ளே போனது. மேகம் எங்கள் காலுக்குக் கீழே கிடந்தது. தட்டிலிருந்து ஆவி பறந்தது. சின்னப் பிள்ளைகள் அப்பளத்துக்கு அடித்துக்கொண்டார்கள். திட்டவில்லை. இன்னும் கொஞ்சம் பருப்பு கேட்டேன்.

எல்ல இறக்கத்தில் தீய்ந்த வாசம் வந்தது. “பிரேக்கா மாமா?”

“சேச்சே, வெங்காயம்.”

இராவணா எல்ல அருவியடியில் நிறுத்தி டயருக்குத் தண்ணீர் ஊற்றினார். வெங்காயத்துக்கு யாரும் அப்படி ஊற்றி நான் பார்த்ததில்லை.

புத்தளையிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டு வழி. அங்கே யானைகள் றோட்டுக்கு வந்து வாகனத்தை மறித்து வரி வாங்கும். யானைக்குத் தீனி போடக்கூடாது என்று வனஜீவராசிகள் திணைக்களம் சொல்வது மாமாவுக்குத் தெரியும். யானைக்குத் தெரியாது. எங்களை மறித்தது ஒற்றைக் கொம்பன். முன்னால் போன வேன்கள் நைசாக ஒதுங்கிப் பறந்துவிட்டன. எங்கள் வேனுக்கு அந்த இழுவை ஏது? தும்பிக்கை ஜன்னல் ஓரம் வந்து, பழ வாசம் பிடித்து, உள்ளே நீண்டது. “முருகா!” என்று அலறிய அத்தை, ஊரிலிருந்து இறங்காத அந்தப் பழப்பையை அப்படியே வெளியே வீசினார். யானை அந்தப் பக்கம் திரும்ப, மாமா கியரை மாற்ற, அடுப்பு என் மடிக்கு வந்தது.

கதிர்காமத்தில் வேனில் படுப்பதாக ஏற்பாடு. எங்கள் ஊர் மழையில் நனைந்த துணியெல்லாம் உள்ளே கொடி கட்டிக் காய்ந்தது. அந்த வெக்கையில் வேன் இட்லிச் சட்டி போல் கொதித்தது. முதல் அரை மணியில் பாயைச் சுருட்டிக்கொண்டு மடத்துக்கு நடந்தவர் மாமாதான். மாணிக்க கங்கையில் குளித்தோம், கும்பிட்டோம், திரும்பினோம். அம்மி அங்கேயும் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி ஒரு மணிக்கு வீட்டு வாசல். நாங்கள் விட்டுப்போன மழை அங்கேயே நின்று எங்களை வரவேற்றது.

“சாவியக் குடு” என்றார் மாமா.

அத்தை பேசவில்லை. சேலை முந்தியை அவிழ்த்துப் பார்த்தார். சீட்டுக்கடியில் பார்த்தார். பிறகு மெல்ல, “பத்திரமா இருக்கட்டும்னு பழப்பையிலதாங்க போட்டேன்” என்றார்.

அத்தனை பேரும் வேனுக்குள் மறுபடி பாய் விரித்தோம். என் தலைக்கு அம்மி கிடைத்தது. மாமா முன் சீட்டில் காலை நீட்டி, வரிசைக் காலத்துக் குறட்டையை ஆரம்பித்தார்.

விடிந்ததும் பால்காரர் கண்ணாடியைத் தட்டினார். “ஐயா, பயணம் போய் எப்ப வந்தீங்க?”

மாமா பாதிக் கண்ணைத் திறந்தார். “இன்னும் எறங்கலப்பா.”