காளிகாட்டு பாபுவும் அவர் வீட்டு மிஸ்திரியும்

கொல்கத்தாவின் காளிகாட்டில் சொந்த வீடு உள்ள பாபு எதையும் சோதிக்காமல் வாங்குகிறவர் அல்லர். இலிஷ் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்ப்பார், வயிற்றை அமுக்கிப் பார்ப்பார், இது டயமண்ட் ஹார்பர் மீனா கோலாகாட் மீனா என்று கடைக்காரரைக் குறுக்கு விசாரணை செய்வார். டாக்டரிடம் போனால் சுவரில் மாட்டிய பட்டத்தை முதலில் படிப்பார். பெண்ணுக்கு வரன் வந்தால் மூன்று தலைமுறையைக் கிளறுவார். மின்சார வேலைக்கு வருகிறவரிடம் மட்டும் அவருக்கு ஒரே கேள்விதான்: "எவ்வளவு?"

இவருடைய வம்சாவளி பழையது. 19-ஆம் நூற்றாண்டில் காளி கோயிலைச் சுற்றிக் கடை போட்டிருந்த பட்டுவா ஓவியர்கள், யாத்திரிகர்களுக்குச் சாமி படத்தோடு பாபு படத்தையும் விற்றார்கள். கொசுவம் வைத்த வேட்டி, வாரிவிட்ட தலை, பளபளக்கும் ஷூ. வெளியே மிடுக்கு, உள்ளே பொக்கை என்பதுதான் அந்தப் படங்களின் சாரம். இன்றைய பாபு வேட்டியை விட்டுவிட்டார். மிடுக்கு ஏசியாகவும் இண்டக்‌ஷன் அடுப்பாகவும் மாறியிருக்கிறது. பொக்கை சுவருக்குள் ஒயராக ஓடுகிறது.

மின்சாரம் இந்தப் பேட்டைக்குப் புதிதல்ல. கல்கத்தா மின்சாரக் கம்பெனியின் முதல் மின் நிலையம் 1899-இல் இமாம்பாக் சந்தில் ஓடத் தொடங்கியது. 1902 ஜூன் 14 அன்று எஸ்பிளனேடிலிருந்து காளிகாட்டுக்கு மின்சார டிராம் வந்துவிட்டது. பாபு வீட்டு மெயின் போர்டைத் திறந்து பார்க்கிறவருக்கு, அது அந்த டிராமிலேயே வந்து இறங்கியதோ என்று தோன்றும். மரச்சட்டத்தின் மேல் ஓடும் பேட்டன் ஒயரிங், பீங்கான் கிட்காட் ஃபியூஸ், அதன் பக்கத்திலேயே போன வருஷம் மாட்டிய, சுமை மிஞ்சினால் தானே விழும் பிளாஸ்டிக் எம்சிபி என்று மூன்று தலைமுறையும் ஒரே பலகையில் கூட்டுக் குடித்தனம் நடத்தும்.

இந்தக் குடித்தனத்தைப் பார்த்துக்கொள்கிறவர்தான் மிஸ்திரி. ஒரு டெஸ்டர், ஒரு கட்டிங் பிளேயர், பாதி தீர்ந்த இன்சுலேஷன் டேப், இவ்வளவுதான் ஆயுதம். குழாயும் மாற்றுவார், ஷட்டருக்கு எண்ணெயும் போடுவார், பூஜைப் பந்தலுக்கு சீரியல் விளக்கும் கட்டுவார். கற்ற இடமும் அந்தப் பந்தல்தான். வேலைக்கு முன்னால் "ஹோயே ஜாபே", ஆகிவிடும் என்பார். வேலைக்குப் பின்னால் "கிச்சூ ஹோபே நா, தாதா", ஒன்றும் ஆகாது அண்ணா என்பார். பாபுவுக்கு இந்த இரண்டும் போதும். இதைவிடத் தெளிவாக எந்தப் பொறியாளரும் பேசுவதில்லை.

இருவரின் கூட்டணி முழுப் பொலிவோடு வெளிப்படுவது கோடையில். பழைய ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர். விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்டது. அதே ஒயரில் ஒன்றரை டன் ஏசி ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும், 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்பதை நெருங்கும், இஸ்திரிப் பெட்டிக்கு நான்கு. மூன்றும் சேர்ந்து இருபதைத் தாண்டினால் 16 ஆம்பியர் எம்சிபி கொஞ்ச நேரத்தில் விழும். விழுவதற்காகத்தான் அதை வைத்ததே. பாபு இதை எம்சிபியின் ஒழுக்கக்கேடு என்று எடுத்துக்கொண்டு மிஸ்திரிக்கு ஆள் அனுப்புவார்.

"தாதா, இது பதினாறு. அதான் விழுது. முப்பத்திரண்டு போட்டா விழாது."

மிஸ்திரி சொன்ன சொல் தவறாதவர். அன்றிலிருந்து எம்சிபி விழுவதில்லை. விழ வேண்டிய நேரத்தில் ஒயர் சூடாகிறது. சாதாரண பிவிசி உறை 70 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்பட்டது. அதற்கு மேல் இளகும், கருகும், முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளில் முதலில் தீயும். பாபுவுக்கு எட்டுவது நாற்றம் மட்டும்தான். அதையும் பக்கத்து வீட்டு அடுப்பின் தலையில் கட்டிவிடுவார். இதே பாபுவின் அப்பா கிட்காட் ஃபியூஸில் மெல்லிய கம்பிக்குப் பதில் நான்கு இழை செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார் என்பதால், இதைக் குலவழக்கம் என்றே கொள்ளலாம்.

அடுத்தது எர்த். சாக்கெட்டில் மேலே இருக்கும் பெரிய துளை, பாபுவைப் பொறுத்தவரை, அழகுக்காக விட்டது. ஃபிரிட்ஜைத் தொட்டால் லேசாகச் 'சுர்' என்கிறது என்று வீட்டம்மா நாலு முறை சொன்ன பிறகு மிஸ்திரி வருவார். அவரிடம் இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று, எர்த் கம்பியைக் குளியலறைக் குழாயில் கட்டுவது. அந்தக் குழாய் சுவருக்குள் போனதும் பிளாஸ்டிக்காகிவிடுகிறது என்பது இருவருக்கும் தெரியாது. இன்னொன்று, போர்டுக்குள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுவது. 'சுர்' நின்றுவிடும், எல்லாம் ஓடும். என்றைக்காவது அந்த இணைப்புக்கு முந்தைய பகுதியில் நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட்டும் ஃபிரிட்ஜின் கைப்பிடிக்கு வந்து நிற்கும். டெஸ்டரை வைத்தால் பேஸ் இருக்கிறதா என்று தெரியும். எர்த் வேலை செய்கிறதா என்பது அதற்குத் தெரியாது. மிஸ்திரி அதை மட்டுமே நம்புகிறவர்.

2025 செப்டம்பர் 22 இரவு, துர்கா பூஜைக்குச் சில நாள் முன்பு, கொல்கத்தாவில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காளிகாட்டில் மட்டும் 280 மில்லிமீட்டர். வெள்ளம் நின்ற நகரில் மின்சாரம் தாக்கிப் பலர் இறந்தார்கள். அப்படிப்பட்ட மழைக்கு மறுநாள் பாபு தெருமுனையில் நின்று மின்சாரக் கம்பெனியையும் மாநகராட்சியையும் ஒரு பிடி பிடிப்பார். அவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில், முழங்கால் உயரத்தில், தண்ணீரை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் மெயின் போர்டைப் பற்றி அந்தப் பிரசங்கத்தில் ஒரு வார்த்தை வராது.

மீட்டர் வரைதான் கம்பெனியின் பாடு. அதற்கு இப்பால் உள்ளதெல்லாம் வீட்டுக்காரர் தலையில். அங்கே யார் கை வைக்கலாம் என்பதை 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45-ஆம் விதியே சொல்லிவிட்டது: உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வேலையை எடுக்க வேண்டும், தகுதிச் சான்றிதழ் உள்ளவர் மேற்பார்க்க வேண்டும், பெர்மிட் உள்ளவர் கையால் செய்ய வேண்டும். பின்னால் 2010-இலும் 2023-இலும் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் இதே வழியில் போகின்றன. அந்தக் காகிதங்களை மேற்கு வங்கத்தில் மாநில லைசென்சிங் போர்டு தருகிறது. தமிழ்நாட்டிலும் இதற்கென்று ஒரு வாரியம் உண்டு. பெயர், படம், எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்ப்பதற்கு இலிஷ் செவுளைப் பார்ப்பதைவிடக் குறைந்த நேரம்தான் ஆகும்.

45-ஆம் விதியில் ஒரு விலக்கும் இருந்தது. பல்பு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, இணைப்பின் திறனோ தன்மையோ மாறாதபடி, அப்படியே மாற்றிப் போடலாம். மிஸ்திரி தன் ராஜ்யத்தை நிறுவியது இந்த ஒற்றை வரியின் மேல்தான். ஏசிக்குப் புது லைன் இழுத்ததும் பல்பு மாற்றிய கணக்கில் சேர்ந்துவிட்டது.

மிஸ்திரியைத் திட்டுவது சுலபம், நியாயம் அல்ல. கை சுத்தமானவர்கள் அவர்களில் நிறைய உண்டு. பரீட்சை எழுதிப் பெர்மிட் வாங்கினாலும் பாபு அதே இருநூறு ரூபாயைத்தான் நீட்டுவார் என்றால், அவர் எதற்காக எழுத வேண்டும்? மிஸ்திரியை உண்டாக்கியது பாபுவின் பேரம்.

அபூர்வமாக, மருமகனின் வற்புறுத்தலால், லைசென்ஸ் உள்ள ஒப்பந்ததாரர் ஒருவர் வீட்டுக்குள் வருகிறார். வந்ததும் பிளேயரை எடுக்காமல் நோட்டை எடுக்கிறார். எந்த அறையில் எத்தனை வாட் என்று எழுதுகிறார். பாபுவுக்கு இது வருமான வரிச் சோதனை மாதிரி இருக்கிறது. பிறகு மெகர் கருவியை மாட்டி 500 வோல்ட் கொடுத்து ஒரு நிமிஷம் காத்திருக்கிறார். ஒயரின் உறை குறைந்தது ஒரு மெகாஓம் காட்ட வேண்டும், பாபு வீட்டு ஒயர் அதில் கால்வாசிகூடக் காட்டவில்லை. ஏசிக்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் லைன், மண்ணில் இறக்கிய முறையான எர்த், 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, இடுப்புக்கு மேல் ஏற்றிய மெயின் போர்டு, கடைசியில் கையெழுத்திட்ட சோதனை அறிக்கை. தொகையைக் கேட்ட பாபு, இதில் ஒரு ஆண்டு இலிஷ் சாப்பிடலாமே என்று கணக்குப் போட்டபடி மருமகன் முகத்துக்காகக் கொடுக்கிறார்.

முதல் மழையில், மாடியில் பழைய கீசர் கசிய, ஆர்சிசிபி விழுகிறது. தூக்கிவிட்டால் மறுபடி விழுகிறது. மூன்றாம் முறை பாபு மிஸ்திரியைக் கூப்பிடுகிறார்.

"புது ஆள் வேலை சரியில்லை தாதா. சும்மாவே விழுது பாருங்க" என்று சொல்லி, மிஸ்திரி உள்ளே வரும் ஒயரையும் வெளியே போகும் ஒயரையும் ஆர்சிசிபியைத் தொடாமல் நேராக முறுக்கி டேப் சுற்றுகிறார். கீசர் ஓடுகிறது. கூலி நூறு கேட்கிறார். பாபு எண்பதுக்குப் பேசி முடிக்கிறார்.