அங்குலக்காரர்

டேப்லெட் வாங்குவதென்று முடிவெடுத்த நாளுக்கும் வாங்கிய நாளுக்கும் இடையே குறைந்தது ஆறு மாதம் அதன் அளவை மட்டுமே யோசித்துக்கொண்டிருப்பவர் அங்குலக்காரர். பெரும்பாலும் குடும்பத் தலைவர், நாற்பத்தைந்தைத் தாண்டியவர், வெள்ளெழுத்து வந்திருக்கும், ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். ஃப்ரிட்ஜ் வாங்கும்போது லிட்டரையும், கிரைண்டர் வாங்கும்போது கல்லையும், மைத்துனிக்கு வரன் பார்த்தபோது மாப்பிள்ளையின் உயரத்தையும் இதே நிதானத்தோடு ஆராய்ந்தவர். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் திரைக்கு வந்தபோது இந்த இனம் பெருகியது. வாங்கப்போகும் பொருளுக்கு வீட்டில் ‘டேப்’ என்று பெயர். அதை அளக்க அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலையும் பொருளுக்கும் அதே பெயர். ஆகவே, “டேப் வாங்கியாச்சா?” என்று உறவினர் கேட்டால், “ஒண்ணு இருக்கு” என்று அவர் மனைவி சொல்வதில் பொய் இல்லை.

அங்குலக்காரரிடம் வரலாறு உண்டு. 2010 ஏப்ரலில் முதல் ஐபேட் 9.7 அங்குலத் திரையும் ஏறக்குறைய 680 கிராம் எடையுமாக வந்தது. அந்த ஆண்டே சாம்சங் 7 அங்குலத்தில் கேலக்ஸி டேபைக் கொண்டுவந்தது. 7 அங்குலத் திரையை விற்பவர்கள், வாங்குபவர் விரல் நுனியைத் தேய்த்துச் சிறிதாக்கிக்கொள்ள உப்புத்தாளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் கேலி செய்தார். 2011 அக்டோபரில் அவர் மறைந்தார். 2012 நவம்பரில் அதே ஆப்பிள் 7.9 அங்குல ஐபேட் மினியை விற்பனைக்கு அனுப்பியது. இந்திய அரசு மாணவர்களுக்காக 2011இல் அறிமுகம் செய்த ஆகாஷும் 7 அங்குலம்தான். பிறகு கைபேசிகளே வளர்ந்து 6.7, 6.9 என்று வந்து நின்றதும் 7 அங்குல டேபுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஜாப்ஸ் சொன்னது ஒருவகையில் பலித்தது. அவர் சொன்ன காரணத்தால் அல்ல. இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டு முடிப்பவர், தனக்கு எந்த அளவு சரிப்படும் என்று விசாரிக்க வந்ததையே மறந்துவிடுவார். சொல்பவருக்கும் அதுதான் வசதி.

வரலாறு முடிந்ததும் கணக்கு. பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் அங்குலம் நீளமும் அல்ல, அகலமும் அல்ல. திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போகும் கோடு. கொத்தனார் மூலைமட்டம் பார்க்க 3, 4, 5 என்று நூல் பிடிக்கிறாரே, அதே கணக்கு. நாலுக்கு மூன்று விகிதத்தில் அமைந்த 10 அங்குலத் திரைக்கு நீளம் 8, அகலம் 6, பரப்பு 48 சதுர அங்குலம். அதே விகிதத்தில் 8 அங்குலத் திரைக்குப் பரப்பு 31கூட வராது. கோடு இரண்டே அங்குலம் நீண்டதற்குப் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடுகிறது. இந்த உண்மை பிடிபட்ட நாள் முதல் அங்குலக்காரர் கல்யாணப் பந்தியில் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. இலையில் விழும் மைசூர்பாகை எடுத்து, எது நீளம், எது மூலைவிட்டம் என்று பக்கத்து இலைக்காரருக்கு விளக்குவார். விளக்கி முடிப்பதற்குள் ஒரு மூலை காணாமல் போயிருக்கும்.

விகிதம் மாறினால் கணக்கும் மாறும் என்பதையும் அவர் விடுவதில்லை. ஆண்ட்ராய்டு டேப்களில் பெரும்பாலானவை பதினாறுக்குப் பத்து. அதே 10 அங்குலக் கோடு அந்த விகிதத்தில் 45 சதுர அங்குலப் பரப்பைத்தான் தரும். ஆனால் படம் பார்க்க அதுவே மேல். நாலுக்கு மூன்றுத் திரையில் அகலப் படம் ஓடும்போது மேலும் கீழும் முக்கால் முக்கால் அங்குலம் கறுப்புப் பட்டையாகப் போய்விடும். படம் பார்க்க அது, பக்கம் படிக்க இது. இதுவரை அங்குலக்காரர் சொல்வதில் ஒரு பிழையும் இல்லை. படம் பார்ப்பவரும் பக்கம் படிப்பவரும் ஒரே வீட்டில் ஒரே டேபுக்குக் காத்திருக்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

அடுத்த கட்டம் அட்டை. புதுச் சட்டையை மடித்து வைத்துத் தரும் அட்டைகளைச் சேர்த்துவைத்து, 8, 11, 13 என்று மூன்று அளவில் வெட்டுகிறார். வெட்டியவற்றைக் குடும்பத்தாரிடம் கொடுத்து ஒரு வாரம் புழங்கிப் பார்க்கச் சொல்கிறார். அட்டைக்குக் கனம் இல்லையே என்ற குறை இரண்டாம் நாள்தான் உறைக்கிறது. 8 அங்குல டேப் ஏறக்குறைய 300 கிராம் இருக்கும். 11 அங்குலம் அரைக் கிலோவை ஒட்டி. 13 அங்குலம் 600 கிராமை ஒட்டி. எனவே சிறிய அட்டையின் முதுகில் கால் கிலோ உளுந்தும் ஐம்பது கிராம் கடுகும், நடு அட்டையில் அரைக் கிலோ துவரம்பருப்பும், பெரியதில் அதற்குமேல் நூறு கிராம் கடலைப்பருப்பும் பொட்டலமாக ஒட்டப்படுகின்றன. மல்லாந்து படுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்ததில், துவரம்பருப்பை நாலு நிமிடத்துக்கு மேல் மணிக்கட்டு தாங்கவில்லை. உளுந்து தாங்கியது. தூக்கம் வந்து கை தளர்ந்தபோது மூக்கில் விழுந்ததும் உளுந்துதான். வலி குறைவு என்று குறித்துக்கொண்டார். கடைகளில் கிடைக்கும் எந்த விவரத்தாளிலும் இவ்வளவு பயனுள்ள தகவல் இல்லை. மறுநாள் சாம்பார் வைக்க நேரமானதும் மனைவி 11 அங்குலத்தைப் பிரித்துவிட்டார்.

குடும்பத்தின் கருத்து இப்படிச் சேகரமாகிறது. மகன் கல்லூரிக்காரன்; பாடக்குறிப்பெல்லாம் ஏ4 தாள் அளவில் வருகிறது. நாலுக்கு மூன்றுத் திரையில் 8 அங்குலத்தில் பார்த்தால் அந்தப் பக்கம் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும், 11இல் முக்காலாகும், 13இல்தான் ஓரளவு தாளைப் பார்த்த மாதிரி இருக்கும். ஆகவே அவனுக்கு 13. மகளுக்குப் பேருந்தில் ஒரு கையால் பிடிக்க 8. பாட்டிக்கு அட்டை எதற்கென்றே புரியவில்லை. மின்சாரம் போனபோது 8 அங்குலத்தால் விசிறிக்கொண்டு, “இது அடக்கமா இருக்கு தம்பி” என்றார். பாட்டியின் வாக்கு 8க்கு என்று பதிவாயிற்று. திரை பெரிதானால் எழுத்து தானாகப் பெரிதாகிவிடாது, அமைப்புகளுக்குள் போய் எழுத்தளவைக் கூட்டினால் சின்னத் திரையிலும் பாட்டி படிப்பார் என்பதை யாரும் சொல்லவில்லை. சொன்னால் ஆராய்ச்சி ஒரு மாதம் குறைந்துவிடும்.

மனைவி அட்டையைப் புழங்கிப் பார்க்கவே இல்லை. “ஏங்க, மிக்ஸிக்கும் செவுத்துக்கும் நடுவுல நிக்குமா நிக்காதா, அதைச் சொல்லுங்க” என்றார். மிக்ஸிக்கும் சுவருக்கும் இடைவெளி ஒன்பது அங்குலம். அங்குலக்காரர் முகம் வெளிறிய தருணம் இது. பெட்டியில் போட்டிருப்பது திரையின் கோடு மட்டும். சட்டத்தோடு சேர்த்தால் 11 அங்குல டேபின் நீளமே கிட்டத்தட்ட பத்து அங்குலம். படுக்கை வசத்தில் நிற்காது. ஆறு மாதப் படிப்பில் அவர் அளக்காமல் விட்டது வீட்டைத்தான்.

பிறகு கடைப் பயணம். பெரிய ஷோரூமில் டேப்களை மேசையோடு கம்பி போட்டுக் கட்டியிருப்பார்கள். தூக்கிப் பார்த்தால் கம்பியின் இழுப்பும் சேர்ந்து கனக்கும். அதனால் அங்குலக்காரர் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறார். இஞ்ச் டேபை நீட்டி, மூலைக்கு மூலை வைத்து, கண்ணாடியின் கறுப்பு விளிம்பைக் கழித்து, மறுபடி வைக்கிறார். மூன்றாவது முறை வைக்கும்போது கடைக்காரர், “சார், எடுக்கறீங்களா, பிளவுஸ் தைக்கறீங்களா?” என்கிறார். அங்குலக்காரர் இதற்கெல்லாம் அசைபவர் அல்ல. “திரும்ப வரேன்” என்கிறார். உண்மையாகவே வருவார், அதுதான் கடைக்காரரின் கவலை.

கடைசியில் வாங்குவது 11. எல்லா அங்குலக்காரர்களும் 11இல்தான் வந்து முடிகிறார்கள். 8 கேட்டவருக்கும் 13 கேட்டவருக்கும் சமமான அதிருப்தி தருவதால் வீட்டில் சண்டை வராது. மேலே ஒரு உறை, நிறுத்திவைக்க முட்டு, கீறல் படாமல் கண்ணாடி ஒட்டு எல்லாம் போட்ட பிறகு எடை 13 அங்குலத்தையே தாண்டிவிடும். துவரம்பருப்புச் சோதனை வீணாகிவிட்டதே என்பதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. மிக்ஸி ஒரு முழம் தள்ளி வைக்கப்படுகிறது. பகலில் டேப் அடுப்படியில் சமையல் குறிப்போடு நிற்கிறது. மாலையில் பாட்டி அதில் கோயில் நேரலை பார்க்கிறார். மகன் விடுதிக்குக் கிளம்பும்போது எடுத்துக்கொண்டு போக, மகள் அலைபேசியில் போராடித் திரும்ப வாங்கிக்கொள்கிறாள். அங்குலக்காரரின் முறை இரவு பதினொன்றுக்கு வரும். அப்போது சார்ஜ் நான்கு சதவீதம் இருக்கும்.

ஆகவே அவர் வழக்கம்போலக் கைபேசியையே எடுத்துக்கொண்டு படுக்கிறார். நடுவில் மடிந்து, விரித்தால் 8 அங்குலமாகும் கைபேசிகளைப் பற்றி அதில் படிக்கிறார். கையில் பிடிக்கவும் ஆயிற்று, பக்கம் படிக்கவும் ஆயிற்று. எழுந்து விளக்கைப் போட்டு, பீரோ மேலிருந்து சட்டை அட்டையையும் கத்திரியையும் எடுக்கிறார். இந்த முறை அட்டையை நடுவில் மடிக்க வேண்டியிருக்கிறது.