பச்சை விளக்கு சுருதி

ஓசூர் சிப்காட்டில் ஆலைகள் பெருகிய எண்பதுகளில், பகலில் லேத்தில் நின்ற சிலர் சாயங்காலம் கல்யாண பேண்டில் டிரம்பெட் ஊதினோம். பகலில் மைக்ரோமீட்டரைப் பிடித்துக்கொண்டு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சண்டை. சாயங்காலம் டியூனிங் சிலைடுக்கு ஒரே அளவுதான்: "கொஞ்சம் இழுப்பா." கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று ஒருவரும் கேட்டதில்லை.

சுருதி ஆறரைக் கட்டை என்று பெயர். உண்மையில் பேண்டு மாஸ்டரின் கிளாரினெட் அன்றைக்கு எங்கே நிற்கிறதோ அதுதான் ஆறரை. என் டிரம்பெட் மீரட் சரக்கு. மூன்றாம் வால்வின் சிலைடு பச்சைக் களிம்பேறி இறுகிவிட்டது. ஒன்றையும் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சுரம் இயல்பாகவே ஏறி நிற்கும்; அந்தச் சிலைடை விரலால் தள்ளித்தான் இறக்க வேண்டும். தள்ள வழியில்லை, உதட்டைத் தளர்த்திச் சமாளித்தேன். பாட்டில் அந்த இடம் வரும்போதெல்லாம் மாஸ்டர் கண்ணை மூடிக்கொள்வார். ரசிக்கிறார் என்று கல்யாண வீட்டார் நினைத்துக்கொள்வார்கள்.

ஊரோ கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே. தை முகூர்த்தத்துக்கு விடிகாலையில் வாத்தியத்தைத் தொட்டால் சில்லிடும்; மதிய ஊர்வலத்தில் அதே பித்தளை சுடும். காற்று பத்து டிகிரி சூடேறினால் ஒலியின் வேகம் வினாடிக்கு 6 மீட்டர் போலக் கூடும். குழலுக்குள்ளும் அதே சூடு ஏறினால் 440 ஹெர்ட்ஸ் சுரம் 447ஐத் தொட்டுவிடும். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. எல்லோரும் சேர்ந்தே ஏறினோம், அதனால் குட்டு வெளிப்படவில்லை. வாசலில் நாதஸ்வரக்காரர் மட்டும் தன் சுருதிப்பெட்டியை எங்களிடமிருந்து தள்ளி வைத்துக்கொள்வார்.

இப்போது நிலைமை மேல். 1939இல் லண்டனில் கூடிப் பேசிப் பொதுச் சுருதியாக முடிவுசெய்த அந்த 440, இன்றைய பேண்டுப் பையன்கள் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. செல்போனில் சுருதி காட்டும் செயலியைத் திறந்து எதிரே வைத்து ஊதுகிறார்கள். முள் நடுவுக்கு வந்து பச்சை எரிந்தால் வேலை முடிந்தது. பக்கத்தில் ஊதுகிறவனைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, கேட்பதுமில்லை. டியூன் செய்வது ஏசி போட்ட மண்டபத்துக்குள், வாசிப்பது வெயிலில். வாத்தியங்கள் வழக்கம்போல ஏறுகின்றன. கூடவே வண்டியில் வரும் கீபோர்டு மட்டும் 440ஐ விட்டு அசைவதில்லை. அந்தக் காலத்தில் இல்லாத சாட்சி அது!

இன்னொரு கூத்தும் உண்டு. மூன்று பேர் சேர்ந்து ஒரு கார்டை ஊதினால், காதுக்கு இனிக்கும் அந்தர காந்தாரம் செயலி காட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் 14 பங்கு. நல்ல காதுள்ள பையன் தானாகவே அங்கே இறங்குகிறான். போன் சிவப்பு காட்டுகிறது. பயந்துபோய் மேலே ஏற்றிவிடுகிறான்.

தப்பாக இருந்தாலும் நாங்கள் ஒரே தப்பில் இருந்தோம். இவர்கள் தனித்தனியே சரி.

கல்யாணத்துக்கு பேண்டு பேசுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர்வலம் கிளம்பும் இடத்திலேயே, வெயிலிலேயே, அவர்களைப் பத்து நிமிடம் சும்மா ஊத விடுங்கள். அதுவரை போன்களை வாங்கி மாமாவிடம் கொடுத்துவையுங்கள்.