அகலப் பாதணியும் ஆழச் சேறும்: பூண்டுலோயாக் குறுக்குப் பாதை குறித்த ஓர் ஆய்வு

பூண்டுலோயாவை ஆய்வுலகம் கண்டுகொள்ளவில்லை என்று யாரும் குறைசொல்ல முடியாது. இங்கே தேயிலைத் தோட்டக்காரராக வாழ்ந்து பின்னர் அரசாங்கப் பூச்சியியலாளரான எட்வர்ட் எர்னஸ்ட் கிரீன், இலங்கையின் செதில்பூச்சிகளைப் பற்றி மட்டும் ஐந்து பாகம் எழுதினார். 1896இல் வெளிவரத் தொடங்கிய நூல் 1922இல்தான் நிறைவுற்றது. இலைக்கடியில் ஒட்டிக்கிடக்கும் பூச்சிக்கு இருபத்தாறு ஆண்டு கொடுத்த ஊரில், ஆளையே விழுத்தும் சேற்றுக்கு ஒரு பக்கமாவது கொடுக்க வேண்டாமா? இவ்வாய்வின் தோற்றுவாய் இதுவே.

களம், குறுக்குப் பாதை: ரோட்டிலிருந்து லயத்துக்கும் லயத்திலிருந்து மலைக்கும் தேயிலைக்கு நடுவே செங்குத்தாக விழும் ஒற்றையடி. காலம், மே முதல் செப்டம்பர் வரையான தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி. ஷேக்ஸ்பியரின் டன்சினேனுக்குக் காடு நடந்து வந்தது. நமது டன்சினேன் தோட்டத்துப் பக்கம் அந்த மாதங்களில் மலையே கொஞ்சம் கொஞ்சமாக ரோட்டுக்கு இறங்கி வருகிறது.

ஆய்வுக்குரிய கோட்பாடு பனிநாட்டில் கடன் வாங்கியது. அங்கே புதுப்பனி இடுப்பளவு விழும்; ஒடுங்கிய ஸ்கீ பலகை அதில் புதைந்துபோகும். 1988இல் ஆஸ்திரியாவின் அட்டாமிக் நிறுவனத்துப் பொறியாளர் ரூபர்ட் ஹூபர் ஸ்னோபோர்ட் ஒன்றை நெடுக்காக அறுத்து இரண்டு பலகையாக்கினார், அகல ஸ்கீக்கு அதுவே ஆதி என்பார்கள். சாதாரணப் பலகை பாதத்தடியில் 70 மில்லிமீற்றர் என்றால் இந்த வகை 110, 120 வரை போகும். மூக்கு மேல்நோக்கி வளைந்திருப்பதால் பனிக்குள் குத்தாமல் மிதந்து ஏறும். பனி இறுகிய இடத்திலோ இதே அகலம் வினையாகிவிடுகிறது. அங்கே பலகையின் விளிம்புதான் தரையைக் கடிக்க வேண்டும். விளிம்பு காலின் நேர்கோட்டை விட்டு விலக விலக, பலகையைச் சரித்து நிறுத்த முழங்கால் அதிகம் பாடுபடும். பொடிப்பனி, மேலோடு கட்டிய பனி, கண்ணாடிப் பனி மூன்றும் ஒரே சரிவில் மாறி மாறி வந்தால் அகலப் பலகைக்காரர் பாடு திண்டாட்டம்.

இனி இதைச் சேற்றுக்குப் பொருத்துவோம். 75 கிலோ ஆள் இரண்டு அகலப் பலகைமேல் நின்றால், ஒவ்வொரு கிலோவையும் ஏறத்தாழ 60 சதுர சென்ரிமீற்றர் தாங்குகிறது. 60 கிலோ ஆள் ரப்பர் செருப்போடு ஒற்றைக் காலை ஊன்றினால் ஒரு கிலோவுக்குக் கிடைப்பது 4 சதுர சென்ரிமீற்றர் கூட இல்லை. ஆகவே, பனியில் மிதப்பவரைப் போல நம்மவர் சேற்றில் மிதக்க வேண்டுமானால் காலுக்கு அறுபதுக்கு அறுபது சென்ரிமீற்றரில் ஒரு பாதணி வேண்டும். சுளகைக் கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம். அதைக் கட்டியவர் தேயிலை நிரைக்குள் நுழைய முடியாது என்பதால் இம்மார்க்கம் கைவிடப்பட்டது.

இனி மூன்று கட்சிகள். முதலாவது பூட்ஸ் கட்சி. கங்காணி, கணக்கப்பிள்ளை முதலானோர் இதில் அடங்குவர். உயரமான பூட்ஸ் இருந்தால் ஆழம் ஒரு பொருட்டே அல்ல என்பது இவர்கள் வாதம். அது பொருந்தாது. என்னை எனின், இறங்குவதுபோல் ஏறுவதும் நடையே ஆகலின். அகன்ற அடி சேற்றில் ஒட்டிக்கொண்டால் அதன் கீழே காற்று புகாது. காலை இழுத்தால் கால் வரும், பூட்ஸ் வராது. குதியைச் சற்றே திருகிக் காற்றுப் புக இடம்விட்டு எடுப்பதே முறை. அவசரக்காரர்கள் இதைக் கற்பதில்லை.

இரண்டாவது செருப்புக் கட்சி. அறுந்த வாரை அடியில் ஊக்குக் குத்தி நிறுத்தும் தொழில்நுட்பம் இவர்களுடைய கொடை. இதன் பெருங்குறை, ஒவ்வொரு அடிக்கும் குதி தட்டிச் சேற்றை மேலே வீசுவது. பிள்ளையின் வெள்ளைச் சீருடையை முதுகுப் பக்கம் பார்த்தே எந்தக் குறுக்கால் வந்தது என்று ஆசிரியர் சொல்லிவிடலாம்.

மூன்றாவது வெறுங்கால் கட்சி. பொறியியல்படி இதுவே சிறந்தது. ஊன்றும்போது விரல்கள் விரிந்து அகலும், எடுக்கும்போது ஒடுங்கி வழுவி வரும். எருமையின் பிளவுபட்ட குளம்பு சேற்றுவயலில் செய்வதும் இதுதான். தேவைக்கேற்ப அகலம் மாறும் ஸ்கீ இன்னும் கடைக்கு வரவில்லை. இந்தக் கால் எப்போதோ வந்துவிட்டது. ஆனால் எதிர்க்கட்சியிடம் வலுவான சான்று உண்டு. ஈரமண்ணில் வெறுங்காலின் தோல்வழியே கொக்கிப்புழு உடம்புக்குள் போகும். இந்தத் தீவின் தோட்டங்களில் அந்த நோய் அவ்வளவு மலிந்திருந்ததால்தான் 1916இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு ஒழிப்பு இயக்கமே தொடங்க வேண்டிவந்தது. அட்டையை இக்கணக்கில் சேர்க்கவில்லை. அது எல்லாக் கட்சியையும் சமமாகப் பாவிக்கும்.

உண்மையான சிக்கல் ஆழத்தில் இல்லை, மாறுதலில் இருக்கிறது. கான் ஓரத்தில் கணுக்கால் புதையும் குழைசேறு. இரண்டு எட்டு வைத்தால் மிதிபட்டு இறுகிய செம்மண், அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம். தேய்ந்து வழவழத்த செருப்படியில் அந்த நீர் வெளியேற வழியில்லாமல் அடிக்கும் மண்ணுக்கும் இடையில் நிற்க, ஆள் மண்ணைத் தொடாமலே பயணம் செய்கிறார். அடுத்து பாசி படர்ந்த கல். அதற்கும் அடுத்து, கவ்வாத்து வெட்டிப் போட்ட வாதுகள். முதல் இடத்தில் காப்பாற்றிய அகலம் இரண்டாம் இடத்தில் கவிழ்க்கிறது. இரண்டாம் இடத்துக்கு ஏற்ற கூரான குதி முதல் இடத்தில் புதைகிறது. பனிச்சரிவில் இப்படி நேர்ந்தால் சறுக்குபவர் பலகையை மாற்றிக்கொண்டு வரலாம், அல்லது அன்றைக்கு அறையிலேயே இருந்து தேநீர் குடிக்கலாம். அந்தத் தேநீருக்குக் கொழுந்து எடுப்பவருக்கு இரண்டு வசதியும் இல்லை.

அவர் முதுகில் நனைந்த கொழுந்து வேறு. பதினைந்து கிலோவுக்கு மேலேயே இருக்கும் பாரம், நெற்றியில் மாட்டிய கயிற்றில் தொங்கி, உடம்பைப் பின்னுக்கு இழுக்கிறது. மேலே நாம் போட்ட 60 கிலோக் கணக்கு இங்கே செல்லாது. ஈரத்துக்கென்று கிலோ கழிக்கும் தராசு, சேற்றுக்கென்று எதையும் கூட்டுவதில்லை.

ஆதலால் இவ்வாய்வு எந்தப் பாதணியையும் பரிந்துரைக்கவில்லை. தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதேச சபைக்கும் ஒரு விண்ணப்பம் மட்டும்: அடுத்த மே மாத மழைக்கு முன், லயத்துக்கு ஏறும் செங்குத்தான குறுக்குகளில் படி வெட்டி, கொங்கிரீட் போட்டு, ஒரு பக்கம் கைபிடிக்கக் குழாய் நட்டுத் தாருங்கள். படியின் அகலத்தை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.