ஆல்வேஸ், எப்பவாச்சும்

எட்டாம் வகுப்பில் எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் கரும்பலகையில் ஆறு சொற்களை எழுதிப்போட்டார்: ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், சம்டைம்ஸ், செல்டம், நெவர். "ஆளுக்கு ஒரு வாக்கியம். நம்ம ஊரை வச்சு எழுதுங்கடா."

நான் திருக்கோவிலூர் ஆற்றங்கரைப் பையன். வெயில் காலத்தில் மணலில் நடந்தே ஆற்றுக்குள் இருக்கும் கபிலர் குன்றுக்குப் போய் விளையாடியவன். எழுதினேன்: 'தென்பெண்ணை ஆல்வேஸ் ஹேஸ் வாட்டர் சம்டைம்ஸ்.'

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"டேய், ஆத்துல தண்ணி எப்பவும் இருக்குதா, எப்பவாச்சும் இருக்குதா?"

"எப்பவுமே அப்படித்தான் சார். எப்பவாச்சும்தான் இருக்கும்."

குட்டு விழுந்தது. இன்றைக்கும் சொல்கிறேன், தப்பு என் மேல் இல்லை. தமிழில் 'எப்போ' என்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாலை மட்டும் மாற்றினால் போதும். 'உம்' ஒட்டினால் ஆல்வேஸ். 'ஆவது' ஒட்டினால் சம்டைம்ஸ். 'ஓ' ஒட்டினால் தாத்தா காலம். 'எப்பவும்' பக்கத்தில் ஒரு 'இல்லை' வந்து உட்கார்ந்தால் நெவர். இங்கிலீஷ்காரனுக்கோ ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல், அதற்கு ரிசர்வ் செய்த சீட்டு வேறு. சாதாரண வினை என்றால் அதற்கு முன்னால். 'இஸ்', 'வாஸ்' என்றால் பின்னால். நம் 'அடிக்கடி' டவுன் பஸ் பயணி மாதிரி, கிடைத்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

'ஹேவ்' இருக்கும் வாக்கியத்தில் 'எஸ்டர்டே' நுழையக்கூடாது என்று ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தை வைத்து வாத்தியார் இரண்டு வருஷம் போராடினார். அதைப் பேச வேண்டாம். அவர் தோற்றுப்போனார்.

காலத்தை நாம் கொஞ்சம் தாராளமாகவே கையாளுகிறவர்கள். கள்ளக்குறிச்சியில் காத்திருக்கும் மச்சானிடம், திருக்கோவிலூர் பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றிக்கொண்டே, "தோ, வந்துட்டேன் மச்சான்" என்கிறேன். பஸ்ஸே இன்னும் வரவில்லை. இது பொய் இல்லை, இலக்கணம். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற நான்கு காரணங்களால் காலம் மாறி வரலாம் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் பவணந்தியார் அனுமதி கொடுத்துவிட்டார். சாப்பிட உட்காராதவனை அவசரப்படுத்தினால் 'உண்டேன், உண்டேன்' என்பான். உரைகாரர்கள் காட்டும் உதாரணம் இது. பவணந்தியாருக்கும் எங்கேயோ ஒரு மச்சான் காத்திருந்திருக்க வேண்டும். என் 'வந்துட்டேன்' என்பதையே 'ஆல்ரெடி' போட்டு இங்கிலீஷில் சொன்னால் ஆளைப் புளுகன் என்பார்கள்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்குச் சாத்தனூர் அணையைத் திறந்துவிட, பெண்ணையில் வெள்ளம் புரண்டு போனது. தண்ணீர் கொஞ்சம் வடிந்த பிறகு ஊருக்குப் போயிருந்தேன். கரையில் கைத்தடியோடு வாத்தியார் நின்றிருந்தார்.

"எப்ப வந்த?"

அவர் மாணவன் என்று காட்டிக்கொள்ள வேண்டாமா? "டுடே மார்னிங், சார்."

"திஸ் மார்னிங்," என்று சொல்லிவிட்டு ஆற்றைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.