கார் வாகடம்: மூலமும் உரையும்

பாயிரம்

மாட்டுக்கு வாகடம் உண்டு. குதிரைக்கும் யானைக்கும் சாத்திரம் உண்டு. காருக்கு மட்டும் தமிழில் ஒரு நோய்நூல் எழாமற் போனது ஏன் என்பது ஆய்வுக்குரியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் நடுத்தரக் குடும்பத்து வாசல்களில் கார் நிற்கத் தொடங்கி நாற்பதாண்டு கடந்துவிட்டது. மாடு கட்டிய தொழுவத்தில் கார் நிற்கிறது; மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன செய்வது என்று தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது; காருக்கு ‘செல்ஃப் எடுக்கல’ என்றால் பேரனுக்குப் பானெட்டைத் திறக்கும் கொக்கி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

இக்குறை நீக்கவே இந்நூல் எழுந்தது. பாயிர மரபுப்படி சொல்வதானால், நூலின் எல்லை: கை எட்டும் வரை. கேட்போர்: தவணை கட்டுவோர். பயன்: மெக்கானிக் ஷெட்டில் விழிக்காமல் நின்று பேசுதல். மூலமும் நாமே இயற்றி உரையும் நாமே வரைந்தமையால், நூலாசிரியர்க்கும் உரையாசிரியர்க்கும் கருத்து வேற்றுமை பெரிதும் இல்லை.

சூத்திரம் 1: குறியியல்

ஓசையும் நாற்றமும் ஒழுக்கும் விளக்குமென
நால்வகைத் தாகும் நோயின் குறியே.

உரை: இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், கார் தன் நோயை உடையவர்க்கு உணர்த்தும் வழிகள் இத்துணைய என்பது உணர்த்துதல் நுதலிற்று.

ஓசை பலவாம். பிரேக் மிதிக்கையில் ‘கீச்’ என்பது, பேடு தேய்ந்தது எனச் சொல்லவே அதில் பொருத்தப்பட்ட சிறு தகடு டிஸ்க்கை உரசும் ஓசை. ஆகவே அது பழுதன்று, பழுதின் முன்னறிவிப்பு. பாட்டை உரக்க வைத்து அதைக் கேளாதிருந்தால் சில வாரத்தில் ‘கரகர’ எனத் திரியும். கீச்சுக்குப் பேடு மாற்றினால் போதும். கரகரவுக்கு டிஸ்க்கும் போகும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது மட்டும் ‘டிக் டிக் டிக்’ எனில், முன்சக்கர ஆக்ஸில் மூட்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் உட்புகுந்தது என்க. வேகம் ஏற ஏற ஏறி, நியூட்ரலில் உருளவிட்டாலும் அடங்காத ‘ஙொய்ங்’ வீல் பேரிங்கினது. சாவி திருப்ப ‘டகடகடக’ எனில் பேட்டரியில் வலுவில்லை. ‘டக்’ என ஒருமுறை ஒலித்து அடங்கின் ஸ்டார்ட்டர் மோட்டாரை ஐயுறுக. பள்ளத்தில் இறங்கும்தோறும் ‘லொடக்’ எனின் லிங்க் ராடோ புஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். டிக்கியில் ஜாக்கி கழன்று உருளவும் கூடும். பின்னதற்கு முன்னதை மாற்றிக் காசு கொடுத்தாரும் உளர்.

நாற்றம் வருமாறு: இனித்து மணப்பின் கூலன்ட் கசிகிறது. மேட்டில் அரைக் கிளட்ச்சில் நின்றபின் கருகி நாறின் கிளட்ச் பிளேட். அழுகிய முட்டை எனின் பேட்டரி அளவு மீறி சார்ஜ் ஏறுகிறது, அல்லது சைலன்சர் வழியிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் கோளாறு. ஏசி போட்டதும் ஈரச் சாக்கு நாறின் உள்ளே பூஞ்சை. பெட்ரோல் நாறின் ஆராய்ச்சி வேண்டா. சாவியைத் தொடாது இறங்குக.

ஒழுக்கு அறிவதற்கு முந்தைய நாள் செய்தித்தாளை இரவில் காரடியில் விரிப்பது போதும். பச்சையோ இளஞ்சிவப்போ எனின் கூலன்ட். கருமை எனின் இன்ஜின் ஆயில். சக்கரத்தருகே இளமஞ்சளாய் வழுக்கினால் பிரேக் ஆயில், அக்கார் அன்று ஓடற்பாற்றன்று. நிறமும் மணமும் இன்றி, முன்னிருக்கைக்கு நேர்கீழே தெளிந்து சொட்டுவது ஏசி குளிரவைத்த காற்றின் ஈரமே. சென்னைக் காற்றில் ஈரம் மிகுதியாதலின் சொட்டும் மிகுதி. இதை நோயென எண்ணி ஷெட்டுக்கு ஓடுவாரைத் தடுத்தல் இந்நூலின் தலையாய அறம்.

விளக்கு நான்கு நிறத்தது. பச்சையும் நீலமும் செய்தி. மஞ்சள் ‘விரைவில் காட்டு’. சிவப்பு ‘இப்போதே நிறுத்து’. அவற்றுள் அலாவுதீன் விளக்கு வடிவில் சிவந்து எரிவது ஆயிலின் அளவை அன்று, அழுத்தத்தைக் குறிப்பது. அழுத்தம் இல்லையேல் உள்ளே இரும்பு இரும்போடு உரசும். இவ்விளக்கைத் தேய்த்தால் பூதம் வாராது. இன்ஜின் தேய்ந்தால் பில் வரும்.

சூத்திரம் 2: வினாவியல்

எப்போது எங்கே எதுசெய் போதெனும்
முப்பால் வினாவே மருந்தினும் சிறப்பே.

உரை: உடையவர் கடமை நோயைச் சொல்லுதலன்று, குறியைச் சொல்லுதல் என்றவாறு. நடைமுறையோ தலைகீழ்:

“அண்ணே, பேட்டரி மாத்திடுங்க.”

“மாத்திடலாம் சார்.”

மாற்றப்பட்டது. ஒரு வாரம் கழித்து அதே தெருவில் அதே கார் அதே ‘டகடகடக’. அண்ணன் தவறு செய்தாரா எனின், இல்லை; கேட்டதைக் கொடுத்தார். நோயாளி கேட்ட மாத்திரையை எழுதிக் கொடுத்த மருத்துவர் நிலை அவர் நிலை. புதிய பேட்டரியும் செத்தது ஏன் எனின், அதற்கு மின்னூட்ட வேண்டிய ஆல்டர்னேட்டர் ஊட்டவில்லை. இவ்வையம் தீர, எந்த எலெக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும். இன்ஜின் ஓய்ந்து சில மணி ஆனபின் பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் அளவில் இருத்தல் வேண்டும். ஓடும்போது பெரும்பாலும் 13.8க்கும் 14.4க்கும் இடை. ஓடும்போதும் 12 வோல்ட்டிலேயே நின்றால் குற்றவாளி பேட்டரி அல்லன். அளக்குமுன் முனைகளில் பூத்த வெள்ளைப் பச்சைப் பொடியைச் சோடா உப்பு கரைத்த நீரில் கழுவி இறுக்குக. பல பேட்டரிகள் இப்பொடியாலேயே இறந்தனவாகக் கணக்கெழுதப்பட்டன.

சரியாகச் சொல்லும் முறை வருமாறு: “அண்ணே, காலையில முதல்ல எடுக்கும்போது மட்டும் சத்தம் வருது. முன்பக்கம் இடது கைப்பக்கம். அஞ்சு நிமிஷம் ஓடினா நின்னுடுது.” இதில் எப்போது, எங்கே, எது செய்யும்போது என்னும் மூன்றும் வந்தன. பாதி வேலை முடிந்தது.

அஃதேல், வீட்டில் ஒலித்த கார் ஷெட் வாசலை மிதித்ததும் ஊமையாகிறதே, அது மெக்கானிக்கின் தேஜஸோ எனின், அன்று. குளிர்ந்த இன்ஜினில் எழும் ஓசை வழியில் சூடேறியதும் அடங்கும். ஆளேற்றி மேடேறும்போது எழும் ஓசை, ஒருவராய்ச் சமதரையில் வந்தால் எழாது. குறி நிகழும் சூழலையும் உடன் கொண்டு செல்லாமை காரணம். காலை ஓசைக்குக் காரை முன்னிரவே ஷெட்டில் விட்டுவருக. அல்லது கைபேசியில் பதிந்து கொண்டுபோய்க் காட்டுக. மெக்கானிக்கையே பக்கத்திருக்கையில் ஏற்றி அந்த மேட்டுக்கு ஓட்டிக் காட்டுதல் உத்தமம்.

சூத்திரம் 3: பரபக்கம்

பானெட் திறப்பப் பலரும் வருவர்
வந்தோர் எல்லாம் வைத்தியர் அல்லரே.

உரை: அடுக்ககப் பார்க்கிங்கில் ஒருவர் பானெட்டைத் தூக்கி நிறுத்தினால், அழைக்காமலே கூடுவோர் நால்வகைச் சமயத்தார்.

முதலாமவர் பேட்டரிவாதி. எதற்கும் “பேட்டரிதான் சார்” என்பார். பல நேரங்களில் அவர் சொல்வது சரியாய்விடுதலே அவர் வாதத்தின் பெருங்குறை. காரணம் கேட்டால் சொல்லார்.

இரண்டாமவர் பெட்ரோல்வாதி. “அந்த பங்க்குல போடாதீங்க” என்பது அவர் மூலமந்திரம். வேறு எந்த பங்க் என்றால் நிச்சயம் ஒன்று சொல்வார்; அது எப்போதும் ஊருக்கு மறுகோடியில் இருக்கும்.

மூன்றாமவர் அம்பாசடர்வாதி. “பெட்ரோல் பம்ப் மேல ஈரத்துணி சுத்துங்க தம்பி” என்பார். இவரை எள்ளற்க. கார்புரேட்டர் காலத்தில் இன்ஜின் மேலேயே இருந்த பம்ப்பில் வெயிலில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும், ஈரத்துணி அதைக் குளிர்விக்கும், கார் கிளம்பும். அது மெய்யான இயற்பியல். ஆயின் இன்றைய கார்களில் பம்ப் டேங்குக்கு உள்ளே, பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது. துணி சுற்ற இடமில்லை. 2014இல் அம்பாசடர் நின்றது, அவ்வாதம் நிற்கவில்லை.

நான்காமவர் திருஷ்டிவாதி. எலுமிச்சையால் காருக்குத் தீங்கில்லை. அதை நசுக்குவதும் ஒரு டயர் சோதனையே. ஆயின் ஆயுத பூஜையில் முன்கிரில்லை முழுக்க மறைத்துக் கட்டிய வாழைக்கன்றோடு ஊர்வலம் போனால் ரேடியேட்டருக்குக் காற்று போகாது. பின்பக்கக் கேமராவுக்கு இட்ட சந்தனப் பொட்டால் ரிவர்ஸ் எடுக்கையில் திரை முழுக்கச் சந்தனமே தெரியும். தெய்வம் மன்னித்தாலும் பின்னால் நிற்கும் தூண் மன்னியாது.

சூத்திரம் 4: நித்தியவியல்

காற்றும் நீரும் எண்ணெயும் காலமும்
போற்றுவார்க் கில்லை ஷெட்டிடைச் செலவே.

உரை: ‘இல்லை’ என்றது ‘குறைவு’ என்னும் பொருட்டு.

காற்று: டயருக்கு எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்த எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதை நிரப்புதல் பேதைமை. ஓடிச் சூடாகுமுன் அளக்க. இரு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடு தேய்ந்தால் மிகுதி, ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட். “நைட்ரஜன் அடிக்கட்டுமா சார்?” என்று வினவுவாருக்கு, இலவசக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன் என்பதைப் பணிவோடு நினைவூட்டுக.

நீர்: ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றினால் அதன் உப்பு உள்ளே படியும். கூலன்ட்டே ஊற்றுக. கொதிக்கும்போது மூடியைத் திறப்பார் முகம் வெந்துபோவர். ஆறும்வரை தேநீர் அருந்துக.

எண்ணெய்: சமதரையில் நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து, குச்சியைத் துடைத்து மீண்டும் விட்டுப் பார்க்க. இரு கோட்டுக்கு இடையில் இருத்தல் நலம். ‘கொஞ்சம் கூட இருக்கட்டும்’ என்னும் விருந்தோம்பல் இங்கே ஆகாது.

காலம்: பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டாட் 4 என்னும் வகை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதியாதிருத்தல் வேண்டும். ஈரம் ஏறியபின் அவ்வரம்பு 155 எனத் தாழும். சமவெளியில் இது தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்குவாருக்குக் கால் திடீரெனப் பஞ்சில் அமிழும்போது தெரியும். ஆகவே இரண்டாண்டுக்கொருமுறை மாற்றுக. ஏறிய கியரிலேயே இறங்குக.

மழைக்காலத்துக்குத் தனி விதி: நீரில் மூழ்கிய காரை ‘ஓடுதா பார்ப்போம்’ என்று ஸ்டார்ட் செய்யற்க. நீர் சுருங்காது, சிலிண்டருள் புகுந்தால் பிஸ்டனைத் தாங்கும் ராடே வளையும். வெள்ளத்தால் விளைந்த கேடு வேறு, சாவி திருப்பியதால் விளைந்த கேடு வேறு என்று காப்பீட்டார் பிரித்து எண்ணுவதை 2015 டிசம்பரில் சென்னை கற்றது. மழை எச்சரிக்கை கேட்டதும் வேளச்சேரியார் மேம்பாலத்தின்மேல் வரிசையாகக் கார் நிறுத்துவது நோய்வருமுன் காத்தல் எனப்படும். இதற்கு மேற்கோள் வேறு வேண்டா.

சூத்திரம் 5: புறனடை

ஈண்டுச் சொல்லா தொழிந்தன உளவெனின்
முன்னறைப் பெட்டியுள் நூல்கண்டு கொளலே.

உரை: முன்னறைப் பெட்டி என்றது ஸ்டியரிங்குக்கு இடப்புறம், டாஷ்போர்டில் உள்ள அறையை. நூல் என்றது, கார் வாங்கிய அன்று உறையோடு அதனுள் வைக்கப்பட்டு, மேலே இன்சூரன்ஸ் நகலும் டோல் ரசீதும் பாதி தீர்ந்த விபூதிப் பொட்டலமும் அடுக்கப்பட்ட கையேட்டை. விளக்குகளின் பொருள், காற்றின் அளவு, எந்த எண்ணெய், எப்போது மாற்றல், பானெட்டின் கொக்கி எங்கே என்பன எல்லாம் அதில் படத்தோடு உள்ளன.

அற்றேல், இந்நூல் கூறியது கூறல் என்னும் குற்றத்தின்பாற் படாதோ எனின், படாது. அக்கையேட்டின் உறையை இதுகாறும் ஒருவரும் பிரித்திலர் ஆகலின், அதிற் கூறியது ஒருகாலும் கூறப்படாததாகவே கொள்ளப்படும் என்க.