லாலி துரை போட்ட கணக்கு

"கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை." மடுகரை டீக்கடையில் இதைச் சொல்லிப் பாருங்கள், பெஞ்சே தலையாட்டும். 2011 டிசம்பர் 30, மார்கழி பாதியில், தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறிக் கூரைகளைப் பிய்த்துப் போட்டது. பழமொழியை மட்டும் அதனால் அசைக்க முடியவில்லை.

நம்மை விடுங்கள், பிரிட்டிஷ் அட்மிரலே இந்தக் கணக்கில்தான் கவிழ்ந்தார். புதுச்சேரியை முற்றுகையிட வந்த ஸ்டீவன்ஸ், ஐப்பசி, கார்த்திகையில் சமர்த்தாகத் திருகோணமலைக்கு ஒதுங்கிவிட்டார். 1760 டிசம்பர் 25, லைன் க்ளியர் என்று திரும்பினார். ஒரே வாரம்! நியூ இயருக்குப் புயலே விருந்தாளி. மூன்று கப்பல் மூழ்கி ஆயிரம் பேருக்கு மேல் போனார்கள். இன்னும் மூன்று, அரியாங்குப்பம் பக்கம் மணலில் ஏறிப் படுத்துக்கொண்டன.

கோட்டைக்குள்ளே தளபதி லாலி. அயர்லாந்து வம்சம், பிரெஞ்சுச் சம்பளம், யாரோடும் ஒத்துப்போகாத வாய். அரிசி தீர்ந்து யானை, ஒட்டகமெல்லாம் அடுப்பேறியிருந்த நேரம். கடலைப் பார்க்கிறார். அடேயப்பா!

ஜனவரி 2, பழவேற்காட்டில் இருந்த பிரெஞ்சு ரெசிடெண்டுக்கு லெட்டர் பறந்தது: இங்கிலீஷ்காரன் காலி, பன்னிரண்டு கப்பலில் ஏழு அவுட், நாலுக்குப் பாய்மரம் இல்லை, சலங்கு சலங்காக (அந்தக் காலத்துப் படகு) அரிசியை அனுப்பு!

சிரிக்காதீர்கள். எண்ணிக்கையில் மனுஷர் அப்படியொன்றும் தப்பு செய்யவில்லை. முதல் ஓவரில் மூன்று விக்கெட் விழுந்ததும் பட்டாசுக் கடைக்கு ஓடுகிற ரசிகர் மாதிரி, விழுந்ததை எண்ணினார், மிச்சத்தை எண்ணவில்லை. பசித்த வயிறு சான்ஸ் பார்த்தால் இப்படித்தான், வேண்டியது மட்டும் நூற்றுக்கு நூறு நடக்கும். முறிந்த பாய்மரத்துக்குப் பதில் வேறு மரம் நடலாம் என்பது கோட்டைக்குள் ஒருவருக்குமா தோன்றவில்லை? தோன்றியிருக்கும். லாலியிடம் போய் யார் சொல்வது?

ஸ்டீவன்ஸோ புயலன்றே நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டு நடுக்கடலுக்கு ஓடித் தப்பியிருந்தார். சில நாளில் திரும்பி வந்தார். அடிபட்ட கப்பல்களுக்கு ஒட்டுப்போட்டு, மறுபடி கடற்கரை முன்னால் வரிசையாக நிறுத்திவிட்டார். லெட்டரும் இங்கிலீஷ்காரன் கையிலேயே சிக்கியது. அரிசி வரவில்லை, 16ஆம் தேதி கோட்டை போயிற்று.

1766 மே 9, பாரிஸில் லாலியின் தலையை வெட்டினார்கள். குற்றம், அரசருக்குத் துரோகம். ஓவர் கான்ஃபிடன்ஸுக்குச் சட்டத்தில் செக்‌ஷன் கிடையாது.